ஒரே ஜப்பான், ரெண்டு ஞாபகம்

சீனாக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் இருக்கிற பகையைப் பத்தி எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன். நாலு பாரா எழுதி முடிச்சப்புறம் பார்த்தா, கதை எங்கெங்கோ சுத்தி புதுக்கோட்டை ஜில்லாவுக்கே வந்து நிக்குது. சரி, வந்ததை ஏன் தடுப்பானேன்னு அப்படியே விட்டுட்டேன். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க :-)

முதல்ல சீனா. 1937 டிசம்பர்ல நான்ஜிங் நகரத்துக்குள்ள ஜப்பான் ராணுவம் நுழைஞ்சு செஞ்ச அட்டூழியம் எல்லாருக்கும் ஓரளவு தெரியும். செத்தவங்க எத்தனை பேருங்கிறதுல இன்னிக்கும் சண்டை. சீனா 3 லட்சம்ங்குது. டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றம் 2 லட்சத்துக்கு மேலன்னு சொல்லுச்சு. ஜப்பான் வலதுசாரிகள்ல சிலர் அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைங்கிறாங்க. இதுல நான் ஆச்சரியப்பட்ட விஷயம் வேற. மாவோ காலத்துல சீனா இதைப் பெருசா பேசவே இல்லை. 1972 செப்டம்பர்ல ஜப்பான் பிரதமர் தனகா பீஜிங் வந்து உறவு ஏற்படுத்திக்கிட்டப்ப, சீனா போர் நஷ்டஈடே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டுது. 1982-ல ஜப்பான் பாடப்புத்தகத் தகராறு வந்துச்சு. அப்புறம் 1985-ல நான்ஜிங்ல நினைவு மண்டபம் திறந்தாங்க. அதே 1985 ஆகஸ்ட் 15-ம் தேதி பிரதமர் நகசோனே யாசுகுனி கோயிலுக்குப் போய்க் கும்பிட்டார். அந்தக் கோயில்ல 1978-லேயே 14 முக்கியப் போர்க்குற்றவாளிகளையும் சேர்த்து வெச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் கொய்சுமி 2001-லேர்ந்து 2006 வரைக்கும் வருஷா வருஷம் போனார். 2005 ஏப்ரல்ல சீன நகரங்கள்ல கலவரம். 2012-ல தீவுத் தகராறுல ஜப்பான் கார் வெச்சிருந்த சீனாக்காரனோட காரையே சீனாக்காரன் அடிச்சு நொறுக்கினான். 2014-லேர்ந்து டிசம்பர் 13 அங்கே தேசிய நினைவு நாள்.

ஆக, சம்பவம் நடந்து கிட்டத்தட்ட 45 வருஷம் கழிச்சுத்தான் ஞாபகமே சூடு பிடிக்குது. ஞாபகங்கிறது தானா எரியற அடுப்பு இல்லை. யாராவது விறகு வைக்கணும், ஊதணும். அரசாங்கம் ஊதலாம், பத்திரிகை ஊதலாம், சங்கம் ஊதலாம். இதுக்காக அந்தத் துக்கம் பொய்ன்னு ஆகிடாது. விறகு வைக்க ஆளில்லாத துக்கம் என்னாகும்ங்கிறதுதான் என் கேள்வி.

அதுக்குப் பதில் தேட நாம மலேயாவுக்குப் போகணும்.

எங்க அன்னவாசல் பக்கம் வானம் பார்த்த பூமி. இலுப்பூர், விராலிமலை, எங்க பார்த்தாலும் செம்மண்ணும் பாறையும்தான். ஏரி நிரம்பினா சோறு, இல்லைன்னா கப்பல். ராவுத்தர் வீட்டுல வியாபாரத்துக்குப் போனவங்களை சபுராளின்னு சொல்வாங்க. மத்தவங்க பெரும்பாலும் கங்காணி பின்னாடி போனவங்க. நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி, பினாங்குல இறங்கி, ரப்பர் தோட்டத்துல பால் வெட்டப் போவாங்க. எங்க அப்பத்தாவோட பெரியப்பா அப்படி முப்பதுகள்ல போனவர். 1938-ல இந்திய அரசாங்கம் மலேயாவுக்குக் கூலியாட்களை அனுப்பறதை நிறுத்திட்டுது. ஆனா அதுக்கு முன்னாடி போனவங்க போனவங்கதான். கடுதாசி வந்துக்கிட்டு இருந்துச்சு, பணம் வந்துக்கிட்டு இருந்துச்சு. 1941 டிசம்பர் 8-ம் தேதி கோத்தா பாருல ஜப்பான் படை இறங்கினதோட எல்லாம் நின்னு போச்சு. 1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் விழுந்துச்சு. மூணரை வருஷம் ஒரு தகவல் கிடையாது.

சிங்கப்பூரைப் பிடிச்ச ஜப்பான்காரன் முதல்ல கை வெச்சது சீனர்கள் மேலதான். காரணம் இருக்கு. 1937-லேர்ந்து சீனாவுல நடந்த சண்டைக்கு மலேயா சீனர்கள் டான் கா கீ தலைமையில கோடிக்கணக்குல நிதி திரட்டி அனுப்பிக்கிட்டிருந்தாங்க. அந்த ஆத்திரம். 1942 பிப்ரவரி 18-லேர்ந்து மார்ச் 4 வரைக்கும் சீன ஆண்களை ஊர் ஊரா வரிசையில நிக்க வெச்சு, இவன் போகலாம், இவன் லாரியில ஏறுன்னு பிரிச்சாங்க. லாரியில ஏறினவங்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டாங்க. சூக் சிங்ன்னு சொல்வாங்க, களையெடுக்கிறதுன்னு வெச்சுக்குங்க. ஜப்பான் கணக்கு 5,000, 6,000. சீனர்கள் கணக்கு 40,000, 50,000. அந்த வரிசையிலேர்ந்து மயிரிழையில தப்பினவங்கள்ல ஒருத்தர்தான் பின்னாடி பிரதமரான லீ குவான் யூ. இதுபோக, மலேயா சீனர்கள் மொத்தமா சேர்ந்து 5 கோடி டாலர் 'அன்பளிப்பு' கட்டணும்னு உத்தரவு வேற.

அதே நேரத்துல நம்மாளுங்ககிட்ட ஜப்பான்காரன் வேற முகம் காட்டினான். ஆசியா ஆசியர்களுக்கே, வெள்ளைக்காரன் நமக்குப் பொது எதிரி, இந்தியா விடுதலை அடைய நாங்க உதவறோம்னு. சும்மா வாய்ப்பேச்சு இல்லை. கேப்டன் மோகன் சிங் தலைமையில இந்திய தேசிய ராணுவம் 1942-லேயே உருவாச்சு. 1943 ஜூலையில நேதாஜி சிங்கப்பூர் வந்தப்புறம் அது வேற வேகம் எடுத்துச்சு. நம்ம மெட்ராஸ் டாக்டர் லட்சுமி தலைமையில ஜான்சி ராணி படை. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பொண்ணுங்க துப்பாக்கி தூக்கினாங்க. அதுவரைக்கும் தோட்டத்து தொரைக்கு முன்னாடி நிமிர்ந்து நிக்க முடியாதவங்க அவங்க. அந்தப் பெருமையை நான் ஒரு துளிகூடக் குறைச்சு மதிப்பிடலை.

ஆனா அதே மாசங்கள்ல, அதே தோட்டங்கள்லேர்ந்து இன்னொரு கூட்டம் இன்னொரு பக்கம் போய்க்கிட்டிருந்துச்சு. ரப்பர் ஏற்றுமதி நின்னு போச்சு, தோட்டத்துல வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. வாழை மரம் படம் போட்ட ஜப்பான் நோட்டுக்கு மதிப்பு நாளுக்கு நாள் கரையுது. அப்ப சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் வேணும், மூணு மாசம்தான், நல்ல கூலி, சாப்பாடு உண்டுன்னு சொல்லிக் கூப்பிட்டான். முதல்ல போனவங்க தானாப் போனாங்க. அவங்க திரும்பி வரலைங்கிற செய்தி பரவினதும் யாரும் வரலை. அப்புறம் பிடிச்சுக்கிட்டுப் போனான். ஓசியில சினிமா காட்டறோம்னு கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, அப்படியே லாரியில ஏத்தின கதையை மலேசியத் தமிழ்ப் பெரியவங்க நிறைய பேர் சொல்லியிருக்காங்க.

தாய்லாந்துல பான் போங்லேர்ந்து பர்மாவுல தன்பியுசயாத் வரைக்கும் 415 கிலோமீட்டர். மலை, காடு, ஆறு. சாதாரணமா அஞ்சாறு வருஷம் ஆகிற வேலைன்னு சொல்வாங்க. 1942 நடுவுல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சுட்டான். எப்படி முடிச்சான்? ஆளைத் தின்னு முடிச்சான். 60,000 சொச்சம் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் வேலை செஞ்சதுல 12,000-க்கும் மேல செத்தாங்க. ஆசியக் கூலிகள் அதைப்போல மூணு மடங்கு. அவங்கள்ல 90,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம்ங்கிறது பரவலா சொல்ற கணக்கு. மலேயாவிலேர்ந்து மட்டும் 75,000-க்கும் மேல கொண்டுபோனான். அதுல பெரும்பாலானவங்க தமிழங்க.

கைதிகளை விடக் கூலிகள் ஏன் அதிக விகிதத்துல செத்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பேருக்கும் அதே காடு, அதே மழை, அதே ஜப்பான்காரன் அடி. ஆனா கைதி ராணுவத்துக்காரன். அவனுக்கு அதிகாரி உண்டு, அவங்க கூட்டத்துலயே டாக்டர் உண்டு. தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடி, கக்கூஸ் குழியை இவ்வளவு தள்ளி வெட்டுன்னு சொல்றதுக்கும், சொன்னா கேக்கறதுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நம்ம சனம் குடும்பம் குடும்பமாப் போச்சு, சில இடத்துல பிள்ளை குட்டியோட. டாக்டர் இல்லை, தலைவன் இல்லை, பெயர்ப் பதிவுகூட ஒழுங்கா இல்லை. 1943 மழைக்காலத்துல காலரா வந்தப்ப கொத்துக் கொத்தாப் போச்சு. நான் பொழைக்கிறது சாப்ட்வேர்ல. ஒரு சிஸ்டம் விழுந்தா எதனால விழுந்துச்சுன்னு லாக் பார்ப்போம். இந்த விஷயத்துல நமக்கு லாக்கே இல்லை. கைதிகள் ஒளிச்சு வெச்சு எழுதின டயரி இருக்கு, வரைஞ்ச படம் இருக்கு, திரும்பிப் போய் எழுதின புத்தகம் அலமாரி அலமாரியா இருக்கு. நம்ம பக்கம் எழுதத் தெரிஞ்சவன் போகலை, போனவனுக்கு எழுதத் தெரியலை.

ஒரு தேதிப் பொருத்தம் சொல்றேன். ரெண்டு பக்கத்திலேர்ந்தும் போட்டுக்கிட்டு வந்த தண்டவாளம் கொன்கொய்தாங்கிற இடத்துல சேர்ந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூர்ல நேதாஜி சுதந்திர இந்திய அரசாங்கத்தைப் பிரகடனம் செஞ்சது அக்டோபர் 21. நடுவுல நாலே நாள். அங்கே கூட்டத்துல கைதட்டின தமிழனோட அண்ணனோ தம்பியோ இங்கே காட்டுல காலராவுல கிடந்திருக்கலாம். ரயில் ரோட்டுக்குப் போறதிலேர்ந்து தப்பிக்கிறதுக்காகவே படையில சேர்ந்தவங்களும் உண்டுன்னு சொல்வாங்க. தப்பா என்ன? உயிர் பிழைக்கிற வழி அது.

நேதாஜிக்கு இது தெரியுமா, தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டாரான்னு உடனே ஒரு கேள்வி வரும். அந்தத் தீர்ப்பு சொல்ற அளவுக்கு எனக்குத் தகுதி கிடையாது. ஆனா அவரோட நிலைமைக்கு அந்தமான் ஒரு உதாரணம். 1943 டிசம்பர் கடைசியில அவர் போர்ட் பிளேர் வந்து கொடி ஏத்தினார். அந்தத் தீவுல ஜப்பான்காரன் சந்தேகப்பட்டவனையெல்லாம் செல்லுலார் ஜெயில்ல போட்டு வதைச்சுக்கிட்டிருந்த நேரம் அது. சரியா ஒரு மாசம் கழிச்சு, 1944 ஜனவரி 30-ம் தேதி, ஹம்ஃப்ரிகஞ்ச்ங்கிற இடத்துல 44 இந்தியர்களை உளவாளிகள்னு சொல்லி வரிசையா நிக்க வெச்சு சுட்டான். அவங்கள்ல பலர் இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்தவங்க. நண்பன்னு சொல்லிக்கிட்டவன் சுட்ட நண்பர்கள்.

சண்டை முடிஞ்சுது. இப்ப ஞாபகத்துக்கு யார் யார் விறகு வெச்சாங்கன்னு பாருங்க.

சிங்கப்பூர்ல 1962-ல சிக்லாப் பக்கம் மண்ணைத் தோண்டினப்ப எலும்பா வந்துச்சு. சீன வர்த்தக சபை கையில எடுத்துச்சு. அவங்ககிட்ட பணம் இருந்துச்சு, பத்திரிகை இருந்துச்சு, ஓட்டும் இருந்துச்சு. 1963 ஆகஸ்ட்ல நகர மண்டபத்துக்கு முன்னாடி லட்சம் பேர் கூடி ரத்தக்கடனைத் தீருன்னு கேட்டாங்க. 1966-ல ஜப்பான் 5 கோடி டாலர் தர ஒத்துக்கிச்சு. பாதி மானியம், பாதி கடன். (வாங்கின அன்பளிப்பும் 5 கோடி, கொடுத்ததும் 5 கோடி. வட்டிகூட இல்லை.) 1967 பிப்ரவரி 15-ல, சிங்கப்பூர் விழுந்து சரியா 25 வருஷம் ஆன அன்னிக்கு, நினைவுத்தூண் திறந்தாங்க. நாலு தூண், சீனர், மலாய்க்காரர், இந்தியர், மத்தவர். பார்க்க நாலு குச்சி மாதிரி இருக்கிறதால ஊர்ல அதுக்கு சாப்ஸ்டிக்ஸ்னே பேரு. அந்த வருஷமே மலேசியாவும் ஜப்பானோட பேசி முடிச்சுது. இரண்டரை கோடி வெள்ளி, அதுவும் கப்பலா வந்துச்சு. தேசியக் கப்பல் கம்பெனிக்கு ரெண்டு சரக்குக் கப்பல். சயாம் ரோட்டுல புருஷனைப் பறிகொடுத்த தோட்டத்துப் பொம்பளைக்கு சரக்குக் கப்பலால என்ன லாபம்னு தெரியலை.

வெள்ளைக்காரக் கைதிகளுக்கு 1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தப்படி ஜப்பான் சொத்திலேர்ந்து கொஞ்சம் காசு கிடைச்சுது. அது போதாதுன்னு அவங்க விடாம சண்டை போட்டு, 2000-ல பிரிட்டன் அரசாங்கமே ஆளுக்கு 10,000 பவுண்டு கொடுத்துச்சு.

இந்தியா? அந்த சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கே நாம போகலை. 1952 ஜூன்ல தனியா ஒப்பந்தம் போட்டோம், நஷ்டஈடு வேண்டாம்னோம். சிலோன் சார்பா மாநாட்டுக்குப் போன ஜே.ஆர். ஜெயவர்த்தனா புத்தர் வாக்கைச் சொல்லி, பகைமை வேண்டாம், எங்களுக்கு நஷ்டஈடும் வேண்டாம்னு பேசி பேர் வாங்கினார். (ஆமா, அதே ஜே.ஆர். தான். 1983-ல தமிழன் விஷயத்துல அந்தப் புத்தர் எங்கே போனார்னு கேக்காதீங்க.) டோக்கியோ நீதிமன்றத்துல இருந்த நம்ம நீதிபதி ராதாபினோத் பால் மட்டும் எல்லாரையும் விடுதலை செய்யணும்னு தனித் தீர்ப்பு எழுதினார். அட்டூழியம் நடக்கலைன்னு அவர் சொல்லலை. ஜெயிச்சவன் தோத்தவனுக்கு நடத்தற நீதிமன்றம் செல்லாதுன்னார். ஜப்பான் வலதுசாரிகளுக்கு அந்த நுணுக்கமெல்லாம் எதுக்கு? 2005-ல யாசுகுனியிலேயே அவருக்கு நினைவுக்கல் வெச்சுட்டாங்க. சீனாக்காரன் எந்தக் கோயிலைப் பார்த்துக் கொதிக்கிறானோ, அங்கே ஒரு இந்தியனுக்கு மரியாதை!

இதுல எதையும் துரோகம்னு நான் சொல்ல வரலை. இந்தியாவுக்கு ஜப்பானோட சண்டை போடக் காரணம் இல்லை. ஜப்பான் காசுலதான் சென்னை மெட்ரோ ஓடுது, அதுல நானும்தான் போறேன். என் சந்தேகம், நம்ம ஞாபகத்துல நேதாஜிக்கு இருக்கிற இடத்துல ஒரு ஓரத்தைக்கூட ரயில் ரோட்டுக்கு ஏன் கொடுக்கலைங்கிறதுதான். எனக்குப் பட்ட காரணம் இது. சீனனுக்கு ஜப்பான்காரன் எதிரி, அவ்வளவுதான், கதை நேர்க்கோடு. நமக்கு அவன் ஒரு கையால கொடி கொடுத்தான், இன்னொரு கையால கழுத்தைப் பிடிச்சான். ரெண்டையும் ஒண்ணா ஞாபகம் வெச்சுக்கிறது கஷ்டம். அதனால பெருமையான பாதியை மேடையில வெச்சோம். மிச்சத்தைத் தோட்டத்து லயத்துலயே விட்டுட்டோம். செத்தவன் கூலி. அவன் செத்ததோ தாய்லாந்துல, பிழைச்சு வந்து சொன்னது மலேசியாவுல, அழுதது புதுக்கோட்டையிலயும் தஞ்சாவூர்லயும். மூணு தேசத்துல எந்த அரசாங்கமும் இவன் என் ஆளுன்னு சொல்லலை.

இந்தப் பிரிவு பக்கத்து வீட்டுக்காரங்க நடுவுலயும் கோடு போட்டுச்சு. காட்டுக்குள்ள இருந்து ஜப்பானை எதிர்த்துச் சண்டை போட்ட மக்கள் படையில பெரும்பாலும் சீனர்கள். 1945 ஆகஸ்ட்ல ஜப்பான் சரணடைஞ்சதும் வெளிய வந்து, ஜப்பான்காரனுக்கு வேலை பார்த்தவன்னு சொல்லி பலபேரைக் கொன்னாங்க. சீனன் பார்வையில நேதாஜி படை ஜப்பான்காரனோட கைத்தடி. நம்ம பார்வையில விடுதலை வீரர்கள். சிங்கப்பூர்ல நேதாஜி 1945 ஜூலையில அடிக்கல் நாட்டின ஐ.என்.ஏ. நினைவுச்சின்னத்தை, செப்டம்பர்ல திரும்பி வந்த பிரிட்டிஷ்காரன் முதல் வேலையா இடிச்சுட்டான். 1995-ல அந்த இடத்துல ஒரு பலகை வெச்சாங்க. எஸ்பிளனேட் பூங்காவுல இருக்கு. அங்கேர்ந்து சாலையைத் தாண்டினா அந்த நாலு தூண். நடந்து போனா அஞ்சு நிமிஷம்கூட ஆகாது.

இலக்கியத்துல மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. எங்க ஊர்லேர்ந்து பொன்னமராவதி போய் அதையும் தாண்டினா சிங்கம்புணரி. அந்த ஊர்க்காரர் ப. சிங்காரம் எழுதின 'புயலிலே ஒரு தோணி'யைப் படிக்காதவங்க உடனே படிங்க. ஜப்பான் காலத்து மெடானும் பினாங்கும் அதுல கண்ணு முன்னாடி நிக்கும். ஆனா அது வியாபாரிகளும் வட்டிக்கடைப் பையன்களும் படைவீரர்களும் வர்ற உலகம். ரயில் ரோட்டுக் கூலியை மலேசியக்காரங்கதான் எழுதினாங்க. ஆர். சண்முகத்தோட 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியோட 'நினைவுச் சின்னம்'. உலகத்துக்குத் தெரிஞ்சது 1957-ல வந்த க்வாய் நதிப் பாலம் ஆங்கிலப் படம்தான். இத்தனைக்கும் அதை எடுத்தது சிலோன்ல, கித்துல்கலையில. தேயிலைத் தோட்டத் தமிழன் பக்கத்துலயே இருந்திருப்பான். கதைக்குள்ள ரப்பர் தோட்டத் தமிழன் இல்லை.

காஞ்சனபுரிக்குப் போனா ஊர் நடுவுல கைதிகளோட கல்லறைத் தோட்டம், கிட்டத்தட்ட 7,000 கல்லறை, புல் வெட்டி, பூச்செடி வெச்சு, ஒவ்வொண்ணுலயும் பேர், வயசு, படைப்பிரிவு. நம்ம ஆளுங்களுக்குத் தனிக் கல்லறை கிடையாது. புத்தவிகாரை ஒண்ணுல பேர் தெரியாத எலும்புகளைச் சேர்த்துப் புதைச்ச ஸ்தூபி ஒண்ணு உண்டு. ஆத்தங்கரைக்குப் பக்கத்துல ஜப்பான் ராணுவமே 1944-ல, அதாவது சண்டை முடியறதுக்கு முன்னாடியே, செத்தவங்களுக்குன்னு ஒரு நினைவுச்சின்னம் கட்டி வெச்சிருக்கு. அதுல பல மொழியில எழுதியிருக்கு. தமிழ்லயும் இருக்கு. ரொம்ப வருஷத்துக்கு அந்தத் தமிழனுக்காகத் தமிழ்ல அங்கே இருந்த கல்வெட்டு, அவனைக் கொன்னவன் வெச்சதுதான். மலேசியத் தமிழர்களும் தாய்லாந்துத் தமிழர்களும் பல வருஷம் அலைஞ்சு, 2023-ல அந்த விகாரையில நம்ம முறைப்படி ஒரு நடுகல் நட்டாங்க.

எங்க அப்பத்தாவோட பெரியப்பா ரயில் ரோட்டுக்குப் போனாரா, தோட்டத்துலயே பட்டினியில போனாரா, இல்லை படையில சேர்ந்து இம்பால் பக்கம் விழுந்தாரான்னு வீட்டுல யாருக்கும் தெரியாது. பெரியம்மா ரொம்ப வருஷம் பொட்டை அழிக்காமத்தான் இருந்தாங்களாம். செத்த நாள் தெரியாததால திதி கொடுக்க வழியில்லை. ஆடி அமாவாசைக்கு மத்தவங்களோட சேர்த்து அவருக்கும் ஒரு இலை போடுவாங்க. அப்பத்தா இருந்தவரைக்கும் போட்டாங்க. இப்ப அம்மா போடறாங்க, யாருக்குன்னு கேட்டா, "அதான் மலேயாத் தாத்தாவுக்கு"ம்பாங்க.